குருவி நுழைந்த குழாய்

வசந்த இதழை அன்று மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். பத்திரிகைக்காரிக்கோ காலையிலிருந்தே நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவாள், ஒரு வரி அடிப்பாள், எழுந்து போய் அடுப்பில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு வருவாள்.

பத்திரிகைக்காரி என்பது தெரு வைத்த பெயர். பிழைப்புக்கு அவள் பார்ப்பது ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசை வேலை. பல்வலிக்காரர்களை வரிசையாக உட்கார வைப்பதும், பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதும் அங்கே அவள் பொறுப்பு. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செய்தி இதழை வேறு யாரும் எடுத்துச் செய்ய முன்வராத ஒரு கூட்டத்தில், கொட்டாவி விடக் கை தூக்கியவள் மாட்டிக்கொண்டாள் என்று அவள் கணவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அவருக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்வதில் ஒரு சுகம்.

அன்று கடைக்கு வார விடுமுறை. அவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தார். அவள் மேசையில் வசந்த இதழின் பக்கங்கள் கிடந்தன. பூங்கா வேலிக்குப் புதுக் கம்பி, காணாமல் போய்த் திரும்பி வந்த பழுப்புப் பூனை, ஆண்டுப் பொதுக்கூட்டம். முதல் பக்கத்துக்குச் சங்கச் செயலாளர் காலையிலேயே போனில் உத்தரவு போட்டுவிட்டார்.

"குப்பைத் தொட்டிதாம்மா முதல் பக்கம். வண்டி வந்து போனப்புறமும் தொட்டியை ரோட்டுலயே விட்டுடறாங்க. பெரிய எழுத்துல போடு."

"போடறேன் சார்."

"போன தடவையும் போடறேன்னுதான் சொன்னே."

கடைசிப் பக்கம் வீட்டுப் பராமரிப்பு. குளிர்காலம் முடிந்து வெயில் வருகிறபோது வீட்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஆண்டுதோறும் போடுவது வழக்கம். சென்ற ஆண்டுப் பக்கத்தையே எடுத்து வைத்துக்கொண்டு அங்கங்கே மாற்றினாள். கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகரத்தில் இலைச்சருகு அடைத்திருந்தால் அள்ளிவிடுங்கள். வெளிச்சுவரில் புது விரிசல் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். மாடிப்படிக் கைப்பிடியை ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். கேஸ் கெய்சர் வைத்திருப்பவர்கள் அதன் புகைக்குழாய்க்குள் பறவை ஏதும் கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்; குழாய் அடைத்தால் நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே தங்கும்; அதற்கு வாசனை கிடையாது.

விரல் அங்கே நின்றது.

இதே வரியைப் போன ஆண்டும் அவள்தான் அடித்தாள். அப்போது அது ஒரு வரி. இப்போது அதைப் படித்ததும் கண்ணுக்குள் ஒரு குருவி வந்து நின்றது. அலகில் நீளமாக ஒரு புல். அது எங்கோ ஒரு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய்க்குள் விருட்டென்று நுழைந்தது. அதைப் பார்த்து, பாவம், வீடு கட்டுது என்று அவள் சிரித்துக்கொண்டே நடந்ததும் நினைவு வந்தது. எந்த வீடு என்பது மட்டும் நினைவில் இல்லை.

"என்னங்க, குருவி ஒண்ணு வாயில புல்லைக் கவ்விக்கிட்டுக் குழாய்க்குள்ள போச்சு."

கணவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "எங்க?"

"இப்ப இல்லை. கொஞ்ச நாள் முன்னாடி, பின்சந்துல நடக்கும்போது பார்த்தேன். யார் வீடுன்னுதான் ஞாபகம் வரலை."

"வசந்தம்னா குருவி கூடு கட்டத்தான் செய்யும். உனக்குச் சொல்லிட்டுக் கட்டணுமா?"

"அது கெய்சர் குழாயா இருந்தா?"

"அதைத்தான் எழுதிட்டிருக்கியே. படிக்கிறவங்க பாத்துக்குவாங்க."

"யாருங்க படிக்கிறாங்க? பெஞ்சுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கு, உட்காராதீங்கன்னு போன இதழ்ல கொட்டை எழுத்துல போட்டேன். செயலாளரே போய் உட்கார்ந்தாரு."

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு வரி அடித்துப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தப்புத்தப்பாக விழுந்தது. செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"சும்மா, பின்சந்து வரைக்கும்."

"உனக்குக் கால்ல சக்கரம். சாப்பாட்டுக்காவது வருவியா?"

அதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள்.

அந்தக் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் ஒரே மாதிரிக் கதவு, பின்னால் ஒரே மாதிரிச் சுவர், சுவரில் உயரே ஒரே இடத்தில் ஒரு தகரக்குழாய். வீடு மாறி நுழைந்து, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை வரை போய்விட்ட விருந்தாளிகளும் உண்டு. குளிர் முழுவதுமாகப் போய்விடவில்லை. வெயில் அடித்தாலும் காற்றில் ஒரு கூர்மை இருந்தது. வரிசையாக நின்ற மரங்களில் பச்சை இப்போதுதான் எட்டிப் பார்த்தது. பின்சந்தில் யாரும் இல்லை. அவள் கழுத்தை அண்ணாந்தபடி ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

சில குழாய்களின் வாயில் கம்பிவலை மூடி இருந்தது. சிலவற்றில் மூடி கழன்று, ஒரு ஆணியில் தொங்கியது. பல குழாய்களில் ஒன்றும் இல்லை. எல்லாக் குழாயும் அந்தக் குழாய் மாதிரியே இருந்தது. ஒரு வீட்டின் பின்சுவரைத் தாண்டிய பிறகு, அதைச் சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்தாள். இன்னொரு வீட்டில் மதிலைப் பிடித்து எம்பிப் பார்த்தாள். உள்ளே துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் சங்கச் செயலாளர் சந்துமுனையில் தோன்றினார். கையில் அளவுநாடா. வேலிகளின் உயரத்தை அளப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

"யாரோ பின்பக்கமா எட்டி எட்டிப் பாக்கறாங்கன்னு எனக்கு போன் வந்துச்சு. யாருடான்னு வந்தா, நம்ம பத்திரிகை ஆசிரியர்!"

"ஒரு குருவியைத் தேடறேன் சார்."

"குருவியையா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்கும்போதே அளவுநாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா, சுவருக்கு வெளிய இருக்கறது சங்கம். கெய்சர், குழாய் எல்லாம் அவங்கவங்க சொந்த விஷயம். நாம தலையிட்டா நாளைக்கு எவன் வீட்டு அடுப்பு எரியலைன்னாலும் நம்ம தலையிலதான் விழும். இதழ் முடிஞ்சுதா?"

"முடியலை."

"குப்பைத் தொட்டி?"

"போட்டுட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போ. தப்பா நினைக்கப் போறாங்க."

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை என்றே அவளுக்கும் பட்டது. திரும்பினாள். ஆனால் கால் போன வேகத்துக்கு மனசு கூடப் போகவில்லை. சந்தின் மறுகோடிக்கு வந்தபோது மின்கம்பியில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு வெள்ளை இறகு.

அப்படியே நின்றாள். குருவி அவளையே பார்த்தது. அவள் நகரவில்லை என்றால் அதுவும் நகராது என்று புரிந்தது. சந்தோரத்தில், செயலாளரை வாட்டும் அந்தக் குப்பைத் தொட்டிகளில் ஒன்று நின்றது. அதன் பின்னால் போய்க் குந்தினாள். பல் மருத்துவமனையில் மடிப்புக் கலையாத உடுப்போடு உட்காருகிறவள், நாற்றமடிக்கிற தொட்டிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முழங்கால் வலித்தது. யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டாள்.

குருவி கம்பியை விட்டுச் சரிந்து இறங்கியது. நேராக ஒரு குழாய்க்குள் போனது. வெளியே வரும்போது அலகில் இறகு இல்லை.

கிட்டே ஓடினாள். குழாயின் வாய் முழுக்கக் காய்ந்த புல். கொஞ்சம் வெளியே தொங்கியது. குழாயைச் சுற்றிச் சுவரில் புகை கறுப்பாகப் படிந்திருந்தது. மதிலுக்கு மேலாக எம்பினாள். கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள், கைக்குட்டை அளவுத் துணிகள், குழந்தையின் காலுறைகள்.

யார் வீடு என்று தெரிந்துவிட்டது.

புது வரவு என்ற பகுதிக்காக அவள் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ரயில் ஓட்டுநர் வீடு. அவர் வண்டியோடு போனால் திரும்பச் சில நாட்கள் ஆகும். வீட்டில் அவருடைய அம்மாவும், மனைவியும், பிறந்து சில வாரமே ஆன ஆண் குழந்தையும். அம்மாக்காரி ஓயாமல் பேசுகிறவள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிற எல்லோரையும் விசாரிப்பாள். அன்றும் அவள்தான் பேசினாள்.

"என் பேரனைப் பத்தி நல்லா எழுதும்மா. அழவே மாட்டான். பாலைக் குடிச்சா தூக்கம், தூக்கம், தூக்கம். தங்கம்."

மருமகள் உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. உடம்பு எப்படி என்று பத்திரிகைக்காரி கேட்டதற்கு, "தலைவலிதான் அக்கா" என்றாள். மாமியார் முந்திக்கொண்டாள்.

"அது என்ன தலைவலின்னே தெரியலைம்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, போற வழியிலயே சரியாயிடுது. வாசல்ல வந்து உட்கார்ந்தாலும் சரியாயிடுது. வீட்டுக்குள்ள கால் வச்சா மறுபடியும் ஆரம்பிச்சுடுது. எல்லாம் வேலையைப் பாத்து வர்ற தலைவலி!"

அந்தப் பேச்சுக்குப் பத்திரிகைக்காரியும் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்திருந்தாள். மருமகள் சுவரைப் பிடித்தபடியே உள்ளே போய்விட்டாள்.

வெளியே போனால் சரியாகிவிடுகிறது. உள்ளே வந்தால் வலிக்கிறது. இந்த இரண்டு வாக்கியமும் இப்போது பின்சந்தில் நின்றவளின் மண்டைக்குள் மணி மாதிரி அடித்தன. சந்தைச் சுற்றிக்கொண்டு முன்தெருவுக்கு ஓடினாள். வழியில் செயலாளர், "என்னம்மா, என்ன?" என்று கத்தியது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

மாமியார் வழக்கம்போல வாசலில் வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, வா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"உங்க மருமக எங்கம்மா?"

"தூங்கறா. குழந்தையும் தூங்குது. காலையில கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தா, மறுபடியும் படுத்துட்டா. இப்பத்தான் குழந்தைத் துணியெல்லாம் வெந்நீர்ல அலசலாம்னு கெய்சரைப் போட்டு ரெண்டு வாளி பிடிச்சேன். இன்னும் ஓடிட்டிருக்கு."

"அதை உடனே நிறுத்துங்க. நான் உள்ள போறேன்."

கிழவி கையை நீட்டி வழியை மறித்தாள். "தூங்கறவங்களை எழுப்பாதம்மா. போட்டோ எடுக்கணும்னா சாயந்தரம் வா."

"போட்டோ இல்லம்மா, கெய்சர் குழாய் அடைச்சிருக்கு. புகை வீட்டுக்குள்ளேயே நிக்குது."

"புகையா? எங்க புகை? எனக்கு ஒரு வாசனையும் வரலையே."

"அதுக்கு வாசனையே கிடையாது!"

அவள் கத்திய கத்தலில் மாமியாரின் மடியிலிருந்து பட்டாணித் தட்டு கவிழ்ந்து மணிகள் படியில் உருண்டன. இனிப் பேசிப் பிரயோசனமில்லை. அந்தக் கையைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

வீடு புழுக்கமாக இருந்தது. குளிர்க்காற்று பட்டுக் குழந்தைக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பழந்துணி திணித்திருந்தார்கள். துவைக்கும் அறையில் கெய்சர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் சிறிய கண்ணாடி வழியே தெரிந்த சுடர், நீலமாக இருக்க வேண்டியது, மஞ்சளாக ஆடியது. குமிழைத் திருகி அணைத்தாள். அதற்கு அடுத்த அறைதான் தாயும் பிள்ளையும் படுக்கிற அறை.

மருமகள் பக்கவாட்டில் கிடந்தாள். கன்னம் சிவந்திருந்தது. பார்த்தால் நல்ல தூக்கம் என்றுதான் தோன்றும்.

"எந்திரிம்மா. ஏ பொண்ணு, எந்திரி!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் பாதி திறந்தது. பார்வை எங்கோ போனது. "தலை..." என்று ஆரம்பித்த வார்த்தை முடியவில்லை. பக்கத்தில் குழந்தை துணிச் சுருள் மாதிரி அசையாமல் கிடந்தது. அதை வாரி எடுத்தாள். கை கால்கள் துவண்டு தொங்கின. மூக்கருகே கன்னத்தை வைத்தாள். மூச்சு மெலிதாகப் பட்டது.

மாமியார் நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். முகத்தில் இப்போது விசாரணை எதுவும் இல்லை, பயம் மட்டும்.

"இந்தாங்க, பிடிங்க. வெளிய ஓடுங்க. தெருவுக்கே போயிடுங்க. உள்ள வராதீங்க."

கிழவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பத்திரிகைக்காரி ஜன்னல் துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு ஜன்னல் திறந்தது, இன்னொன்று பெயின்டோடு ஒட்டிக்கொண்டு மறுத்தது. அதை விட்டுவிட்டுப் பெண்ணின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். முடியவில்லை. பாரம் கையை விட்டு நழுவியது. தனக்கும் நெற்றிப்பொட்டில் லேசாகத் துடிப்பது போலிருந்தது. அது பயமா வாயுவா என்று தெரியவில்லை.

"தள்ளும்மா, நான் காலைப் பிடிக்கிறேன்."

செயலாளர்தான். அவளைக் கண்டிப்பதற்காகப் பின்னாலேயே வந்தவர், படியில் சிதறிய பட்டாணியையும் தெருவில் நின்று அலறிய கிழவியையும் பார்த்துவிட்டு நேரே உள்ளே வந்துவிட்டார். இருவருமாகத் தூக்கி வாசலைத் தாண்டி எதிர்ப்பக்கப் புல்தரையில் கிடத்தினார்கள். அவரே ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். விலாசம் சொல்லும்போது அவருக்கு வாய் குழறியது. எல்லா வீட்டு எண்ணையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் தெருப் பெயரை இரண்டு முறை மாற்றிச் சொன்னார்.

குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அந்தப் பெண் நெஞ்சு உயர மூச்சு இழுத்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு கையால் பக்கத்தில் துழாவினாள்.

"குழந்தை..."

"இதோ இருக்கான், இதோ இருக்கான்" என்றாள் மாமியார். ஆனால் குழந்தை அழவில்லை. கிழவி அதன் உள்ளங்காலைத் தேய்த்தாள், முதுகைத் தட்டினாள், பெயர் வைக்காத அந்தப் பிள்ளையைத் தங்கம், ராசா, சாமி என்று எதையெல்லாமோ சொல்லிக் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். பத்திரிகைக்காரிக்குத் தன் இரண்டு கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றையொன்று பிசைந்துகொண்டே புல்லில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தாள்.

குழந்தை முதலில் முகத்தைச் சுருக்கியது. தும்மியது. பிறகு வாயைத் திறந்து, தெருக்கோடி வரை கேட்கும்படி வீறிட்டது. கிழவி அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவமனையில் இருவரின் மூக்கிலும் ஆக்சிஜன் வைத்தார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள், இன்னொரு முறை கெய்சர் போட்டுத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டார். ரெண்டு மூணு வாரமா, என்றாள் பெண். மாமியார் தரையைப் பார்த்தாள். ரயில் ஓட்டுநர் சீருடையோடு ஓடி வந்தவர், மனைவியின் கட்டிலுக்கும் குழந்தையின் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தொப்பியைக் கசக்கினார்.

மறுநாள் பத்திரிகைக்காரி பழம் வாங்கிக்கொண்டு போனாள். மருமகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. மாமியார் குழந்தையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனதும் அவள் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எல்லாரும் சொல்றதைக் கேட்டுக் கேட்டு, நிஜமாவே நான் நடிக்கிறேனோன்னு. படுத்துக்கிட்டே யோசிப்பேன், எனக்கு வலிக்குதா, இல்லை வலிக்கணும்னு நினைக்கிறேனான்னு."

"அன்னிக்கு உங்க அத்தை சொன்னப்ப நானும் சிரிச்சேன்."

"பாத்தேன்க்கா" என்றாள் அவள், கோபம் இல்லாமல். அதுதான் பத்திரிகைக்காரியை அதிகமாக உறுத்தியது. பழத்தை வைத்துவிட்டுச் சீக்கிரமே எழுந்துவிட்டாள்.

இதழ் அச்சுக்குப் போகாமல் நின்றிருந்தது. அன்று மாலை செயலாளர் அவள் வீட்டுக்கே வந்தார். சோபா நுனியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கடைக்காரர் தேநீர் கொண்டு வந்து வைத்தார்.

"இந்த விஷயத்தை இதழ்ல போட வேண்டாம்னு நினைக்கிறேம்மா. நம்ம வரிசையில ரெண்டு வீடு விக்கறதுக்கு இருக்கு. விஷவாயுன்னு படிச்சா எவன் வருவான்?"

"அந்தப் பொண்ணோட காலை நீங்கதான் சார் தூக்கிட்டு வந்தீங்க."

"அதனாலதான் சொல்றேன். எனக்கு இன்னும் தூக்கமே வரலை. மறக்கணும்."

"உங்க வீட்டுக் குழாயைப் பாத்தீங்களா?"

அவர் தம்ளரை எடுத்தார். தேநீரை ஊதினார். கடைசியில், "பாத்தேன்" என்றார். "மூடி இல்லை. உள்ள சிலந்திவலை. நேத்தே ஆள் வச்சு எடுத்துட்டேன்."

"அப்ப மத்தவங்க?"

"சரி, போடு" என்று எழுந்தார். "வீட்டு நம்பர் போடாதே. குப்பைத் தொட்டியை ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளிக்கோ." வாசலில் செருப்பு போடும்போது திரும்பி, "எடுத்தே விட்டுடாதே" என்றார்.

கதையை எப்படி எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதினாள், அழித்தாள். வீட்டுப் பராமரிப்புக் குறிப்பாக எழுதினால் அது பழைய வரியாகவே வந்து நின்றது. செய்தியாக எழுதினால் அடுத்த வீட்டு வம்பு மாதிரி இருந்தது. இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மாமியாரும் மருமகளும், குழந்தையோடு அவள் வாசலில் நின்றார்கள். கெய்சர் மாற்றும்வரை மருமகள் தன் அம்மா வீட்டில் இருக்கப் போகிறாளாம். வெளியே ரயில் ஓட்டுநர் வாடகைக் காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றாள் பத்திரிகைக்காரி. மாமியார் உட்காரவில்லை.

"நீ எழுதப் போறேன்னு கேள்விப்பட்டேன். எழுது. ஆனா நானும் ஒண்ணு சொல்றேன், அதையும் போடு. மருமக தலை வலிக்குதுன்னு சொன்னா, மாமியார்காரி நம்பலை. வேலைக்குப் பயந்து படுத்திருக்கான்னு தெருவெல்லாம் சொன்னா. இதைப் போடு."

சொல்லும்போது குரல் கெட்டியாகத்தான் இருந்தது. சேலைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

பத்திரிகைக்காரி மருமகளைப் பார்த்தாள். வேண்டாம் அத்தை, விடுங்க என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தாள். அப்படித்தானே எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"போடுங்கக்கா" என்றாள். "பேர் வேண்டாம். ஆனா அத்தை சொன்னதைப் போடுங்க."

மாமியார் தலையை ஆட்டினாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது, வலித்ததும் தெரிந்தது.

அன்றே எழுதி முடித்தாள். முதல் பக்கம் முழுக்க அதுதான். குழாய், புல், மஞ்சள் சுடர், துணி திணித்த ஜன்னல், எல்லாம் இருந்தன. கடைசியில் குறிப்பு என்று போட்டு எழுதினாள்: வெளியே போனால் தலைவலி தீர்கிறது, உள்ளே வந்தால் வலிக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால், முதலில் அவரை நம்புங்கள். உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். கெய்சரையும் குழாயையும் தெரிந்த ஆளை வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு மாமியார் நம்பவில்லை. அதை எழுதச் சொன்னதும் அவரேதான்.

இதழ் வீடுகளுக்குப் போன அந்த வாரக்கடைசியில் பின்சந்து முழுக்க ஏணிகள். இருந்ததே கொஞ்சம் ஏணிதான், அதற்கு அடிதடி. கண்ணாடிக்கடைக்காரர்கூடச் சோபாவை விட்டு எழுந்து, தன் வீட்டுக் குழாயைப் பார்க்க ஏறி, பாதியில் தலை சுற்றி இறங்கிவிட்டார். வேறொரு வீட்டில் கழன்று போன குழாய் ஒன்று சுவருக்குள்ளேயே புகை விட்டுக்கொண்டிருந்தது தெரிய வந்தது. அந்த வீட்டுக்காரர் பத்திரிகைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவளுக்கு அது நிம்மதியைத் தரவில்லை. இன்னும் பார்க்காத வீடுகள் எவை என்று மனசு அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

மருமகள் திரும்பி வருவாளா என்று தெருவில் பந்தயம் கட்டாத குறை. மாமியார் வாசல் நாற்காலியில் உட்காருவதைக் குறைத்துக்கொண்டாள். உட்கார்ந்தாலும் போகிறவர்களை விசாரிக்கவில்லை. மகனிடம் போனைக் கொடுத்து, மருமகளோடு பேசச் சொல்லி, தான் பக்கத்தில் நின்று கேட்பாள். ஒரு நாள் பத்திரிகைக்காரியைக் கூப்பிட்டு, "அவ வந்தா நான் என்ன பேசறது?" என்று கேட்டாள்.

"எப்பவும் பேசற மாதிரி பேசுங்கம்மா."

"எப்பவும் பேசினதுதானே இவ்வளவு தூரம் வந்துச்சு."



மரங்கள் எல்லாம் இலை விட்டு முடித்த சமயத்தில் மருமகள் வந்தாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. முதல் சில நாட்கள் அந்த வீட்டிலிருந்து சத்தமே கேட்கவில்லை. இரண்டு பேரும் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி ஒருவரையொருவர் நடத்திக்கொண்டார்கள் என்று ரயில் ஓட்டுநர் செயலாளரிடம் சொன்னாராம்.

பிறகு ஒரு காலை, பல் மருத்துவமனைக்குப் போகிற வழியில், பத்திரிகைக்காரி அந்த வீட்டைத் தாண்டியபோது உள்ளே பெரிய வாக்குவாதம். குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்கலாமா கூடாதா என்று. மாமியார் ஒன்று சொன்னாள். மருமகள் அதற்கு மேலே ஒன்று சொன்னாள். மாமியார் நாங்க எல்லாம் வளர்க்கலையா என்றாள். மருமகள் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். முன்பெல்லாம் அந்த வீட்டிலிருந்து ஒரு குரல்தான் தெருவரை வரும். இப்போது இரண்டும் வந்தன. மருமகளின் குரல் கொஞ்சம் ஓங்கியே கேட்டது.